நரம்பியல் விஞ்ஞானத்தில் கலாநிதிப் படிப்பு: ஆய்வுத்துறைகளையும் பேராசிரியர் பட்டியலையும் வாசிக்கும் முறை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நரம்பியல் விஞ்ஞானக் கலாநிதிக் கற்கைநெறிப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பட்டியல்கள் கண்ணில் படும். ஒன்று ஆய்வுத்துறைகளின் பட்டியல். அதில் ஆறோ எட்டோ தலைப்புகள் இருக்கும். மற்றையது பேராசிரியர்களின் பட்டியல். பெரிய பல்கலைக்கழகமாயின் அதில் நூறு பெயர்கள்வரை இருக்கும். திருகோணமலையிலிருந்து விண்ணப்பிக்கும் நம் மாணவர்களிற் பெரும்பாலானோர் முதற் பட்டியலில் அழகாக ஒலிக்கும் தலைப்பையும் இரண்டாவது பட்டியலில் மிகவும் புகழ்பெற்ற பெயரையும் தெரிவுசெய்து, இரண்டையும் ஒரு கடிதத்தில் சேர்த்து எழுதி அனுப்பிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். அதனால் ஒரு முழு ஆண்டை இழந்தேன். அந்த இரண்டு பட்டியல்களையும் எப்படி வாசிக்க வேண்டும் என்பதை, இப்போது மாணவர்களோடு உட்கார்ந்து நான் செய்யும் ஒழுங்கிலேயே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். நரம்பியல் என்றவுடன் வீட்டில் உள்ளவர்கள் மூளைக்கும் நரம்புக்கும் வைத்தியம் பார்க்கும் நிபுணரையே நினைக்கிறார்கள். அது மருத்துவத்தின் ஒரு பிரிவு. அதற்கு மருத்துவப் பட்டம் கட்டாயம். நரம்பியல் விஞ்ஞானமோ நரம்புத்தொகுதி எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் துறை. அதற்குள் உயிரியல், பௌதிகவியல், கணிதம், கணினி விஞ்ஞானம், உளவியல் ஆகிய எந்த வாசலாலும் நுழையலாம். கோணேசபுரியில் உள்ள நம் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பவரும், அதே வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பவரும், மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ மருத்துவம் படிப்பவரும் இத்துறையில் தமக்குரிய இடத்தைத் தேடிக்கொள்ளலாம். ஆனால் அந்த இடம் ஒவ்வொருவருக்கும் வேறு வேறானது என்பதை மறக்கக் கூடாது.

தலைப்பை விட்டுவிட்டு, கேள்வியையும் உயிரினத்தையும் கருவியையும் தேடுங்கள்

மூலக்கூற்று மற்றும் கல நரம்பியல், விருத்தி நரம்பியல், தொகுதி நரம்பியல், அறிகை நரம்பியல், கணிப்பு நரம்பியல், நோய் சார்ந்த நரம்பியல் என்று தலைப்புகள் சற்று முன்பின்னாக எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரே மாதிரி இருக்கும். இவற்றுக்கு இடையிலான சுவர்கள் மிகவும் மெல்லியவை. ஒரே பேராசிரியரின் பெயர் மூன்று தலைப்புகளின் கீழும் வருவதைக் காண்பீர்கள். ஆகவே தலைப்பை வைத்து ஒன்றையும் தீர்மானிக்க முடியாது. ஒவ்வோர் ஆய்வுகூடத்தைப் பற்றியும் மூன்று விடயங்களைக் கேட்டுப் பாருங்கள்: அவர்கள் எந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள், எந்த உயிரினத்தில் கேட்கிறார்கள், எந்தக் கருவியால் விடை தேடுகிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்துதான் அடுத்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் காலை எட்டு மணிக்கு ஆய்வுகூடத்துக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கின்றன.

அச்சம் என்ற ஒரு விடயத்தை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்து மாணவர்களில் பலர் இதையே ஆராய விரும்புவதாகச் சொல்வதுண்டு. போரையும் 2004 டிசம்பர் 26 கடற்கோளையும் கண்ட குடும்பங்களிலிருந்து வருபவர்கள், கடந்துபோன ஒரு பயம் ஏன் உடலை விட்டுப் போவதில்லை என்று கேட்பது இயல்பானதே. இப்போது மூன்று ஆய்வுகூடங்களைக் கற்பனை செய்யுங்கள். முதலாவதன் பக்கத்தில் 'அமிக்டலாவில் அச்ச நினைவு தணிவதன் சுற்றுப் பொறிமுறைகள்' என்று எழுதியிருக்கிறது. அமிக்டலா என்பது அச்சத்தோடு தொடர்புடைய ஒரு மூளைப்பகுதி, சுற்று என்பது ஒன்றோடொன்று இணைந்த நரம்புக்கலங்களின் வலை. சுற்று என்ற சொல்லும் பொறிமுறை என்ற சொல்லும் சேர்ந்து வந்தால், அங்கே பெரும்பாலும் சுண்டெலிகள் இருக்கும். ஒரு குறிப்பிட்ட வகை நரம்புக்கலங்களை ஒளியால் தூண்டவும் அடக்கவும் செய்யும் ஒப்டோஜெனடிக்ஸ் என்ற முறை 2005ஆம் ஆண்டளவில் வந்ததிலிருந்து இத்தகைய ஆய்வுகளில் அது பெருவழக்காகிவிட்டது. ஆகவே அங்கு சேரும் மாணவர் எலியின் மண்டையோட்டில் நுண்ணிய துளையிட்டு, கண்ணாடி இழையைப் பொருத்தி, மாதக்கணக்காக அந்த எலிகளைப் பராமரிப்பார்.

இரண்டாவது ஆய்வுகூடமும் அச்சத்தைத்தான் ஆராய்கிறது. ஆனால் அங்கே மனிதர்கள் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்துக்கொண்டு படங்களைப் பார்க்கிறார்கள், அவர்களுடைய தோலின் மின்கடத்துதிறன் அளக்கப்படுகிறது, மாணவர் தம் நேரத்தின் பெரும்பகுதியைக் கணினியில் புள்ளிவிபரப் பகுப்பாய்வில் செலவிடுகிறார். மூன்றாவது ஆய்வுகூடம் வைத்தியசாலையோடு இணைந்தது. அங்கே மனவடுவால் பாதிக்கப்பட்டவர்களை நேரிற் சந்தித்து, நீண்ட நேர்காணல்களைச் செய்து, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஏற்படும் மாற்றங்களைப் பதிவு செய்கிறார்கள். தலைப்பு ஒன்று, வாழ்க்கை மூன்று. மக்களோடு பேசி அவர்களுடைய துன்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படும் ஒருவர் அச்சம் என்ற சொல்லை மட்டும் பார்த்து முதலாவது ஆய்வுகூடத்தில் சேர்ந்தால், இரண்டாவது ஆண்டிலேயே மனம் முறிந்துபோவார். அதில் அந்த ஆய்வுகூடத்தின் பிழை எதுவும் இராது.

கணவாயிலிருந்து ஒரு பாடம்

ஓர் ஆய்வுகூடம் ஏன் ஒரு குறிப்பிட்ட உயிரினத்தைத் தெரிவுசெய்கிறது என்பது பலருக்கு விளங்குவதில்லை. இதை விளக்க நான் மாணவர்களை மீன் சந்தைக்கு அனுப்புவதுண்டு. புதிய கணவாய் ஒன்றை வாங்கி, தலையைப் பிரிக்காமல், அதன் உடற்பையை வயிற்றுப் பக்கமாக நீளவாக்கிற் கத்தரித்துப் புத்தகம் போல விரித்து வையுங்கள். உள்ளுறுப்புகளைக் கவனமாக விலக்கிவிட்டு, தலைக்கு அருகில் அந்தப் பையின் உட்சுவரை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இரு பக்கமும் ஒவ்வொன்றாக, வெண்மையான நட்சத்திரம் போன்ற ஒரு முடிச்சும், அதிலிருந்து விரல்கள் போலப் பிரிந்து தசைக்குள் ஓடும் நூல்களும் தெரியும். அந்த நூல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெரிய நரம்பிழை ஓடுகிறது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட கணவாய் இனங்களில் அதன் விட்டம் அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை இருக்கும். நம் உடலின் மிகத் தடித்த நரம்பிழைகளோ ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே.

1936இல் ஜோன் யங் என்ற விலங்கியலாளர் இந்தப் பேரிழையை நரம்பென்று எடுத்துக்காட்டினார். அதன் பருமன் காரணமாக அதற்குள் மின்வாயைச் செருகி அளக்க முடிந்தது. இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வுகூடத்தில் அலன் ஹொட்ஜ்கினும் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் செய்த அளவீடுகள், சோடியம் அயன்களும் பொற்றாசியம் அயன்களும் கலமென்சவ்வினூடாக ஓடுவதனால்தான் நரம்பில் மின்துடிப்பு பிறக்கிறது என்பதைச் சமன்பாடுகளாக 1952இல் நிறுவின. 1963இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் தேடியது கணவாயின் வாழ்க்கையை அல்ல. எல்லா விலங்குகளின் நரம்புக்கும் பொதுவான விதியை. கணவாய் அதற்கு வாய்ப்பான பொருளாக அமைந்தது. இன்று ஒரு பேராசிரியர் புழுவையோ பழ ஈயையோ மீன்குஞ்சையோ ஆராய்வதைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய புழுவான சி. எலிகன்ஸில் மொத்தம் 302 நரம்புக்கலங்களே உண்டு. அவற்றின் இணைப்புகள் அனைத்தும் வரைபடமாக உள்ளன. பழ ஈயின் முழு மூளையின், ஏறத்தாழ 140,000 நரம்புக்கலங்களைக் கொண்ட இணைப்பு வரைபடம் 2024இல் வெளியானது. மனித மூளையிலோ ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. எந்தக் கேள்விக்கு எந்த அளவு சிக்கல் வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் ஆய்வாளர் உயிரினத்தைத் தெரிவுசெய்கிறார். உயிரினம் சிறியதாக இருப்பதால் அங்கே நடக்கும் ஆய்வும் சிறியது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நம் கடலுக்கு வரும் விந்துத் திமிங்கிலத்தின் மூளை ஏறத்தாழ எட்டுக் கிலோ, உலகிலேயே பெரியது. ஆனாலும் அதை வைத்து ஆய்வு செய்யும் கூடத்தைக் காண்பது அரிது.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். சைவ உணவுப் பழக்கத்திலும் உயிர்க்கொலை கூடாது என்ற நம்பிக்கையிலும் வளர்ந்த மாணவர்கள் பலர் நம்மிடையே உள்ளனர். பரிசோதனை முடிவில் எலியைக் கொல்ல நேரும் என்பதை அவர்கள் விமானம் ஏறிய பின்னரே அறிந்து தவிப்பதைக் கண்டிருக்கிறேன். இதை விண்ணப்பிக்கும் முன்னரே உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள். இயலாது என்று தோன்றினால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. மனிதரில் செய்யும் மூளைப்பட ஆய்வு, கணிப்பு நரம்பியல், வளர்ப்பூடகத்தில் வளர்க்கும் கலங்களில் செய்யும் ஆய்வு என்று வேறு வழிகள் உள்ளன.

கேள்வி நம் மண்ணிலேயே கிடக்கிறது

விண்ணப்பத்தில் எழுதும் நோக்கக் கூற்றில், சிறு வயதிலிருந்தே மூளை தன்னை வியக்க வைத்ததாக எழுதாத மாணவர் குறைவு. அதைத் தேர்வுக்குழு ஆயிரம் முறை வாசித்திருக்கும். அதற்குப் பதிலாக, நீங்கள் அருகிலிருந்து கண்ட ஒன்றைக் கேள்வியாக மாற்றுங்கள்.

கந்தளாய்ப் பக்கத்து வயற்குடிசைகளில் நிலத்தில் பாய் விரித்துத் தூங்குபவர்களைக் கட்டுவிரியன் தீண்டுகிறது. பல வேளைகளில் கடித்த இடத்தில் வலியே இராது. விடியும்போது இமைகள் தொங்கும், பேச்சுக் குழறும், பின்னர் மூச்சுத் தசைகள் தளரும். நஞ்சு, தசைக்குக் கட்டளை தரும் நரம்பின் முனையைத் தாக்கி, அசற்றைல்கோலீன் என்ற கடத்துபொருள் வெளிவருவதைக் குலைக்கிறது. நரம்புமுனையே சிதைந்த பிறகு விஷமுறி மருந்தால் தளர்ச்சி உடனே மீள்வதில்லை. செயற்கைச் சுவாசம் கொடுத்து, முனை மீண்டும் வளரும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது. இதே கட்டுவிரியன் வகையைச் சேர்ந்த, கிழக்காசியாவில் வாழும் ஒரு பாம்பின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த பங்கரோடொக்சின் என்ற புரதத்தைக் கொண்டுதான், அசற்றைல்கோலீனை ஏற்கும் வாங்கியை விஞ்ஞானிகள் முதன்முதலில் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். நரம்புமுனை எப்படி மீண்டும் வளர்கிறது என்று கேட்பவர் மூலக்கூற்று மற்றும் கல நரம்பியலின் நடுக்கூடத்தில் நிற்கிறார்.

பூச்சிகொல்லி நஞ்சும் அவ்வாறே. சேதன பொசுபரசு நஞ்சை உட்கொண்டவர்கள் முதல் நெருக்கடியைத் தாண்டிய பின்னர், ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் திடீரென மூச்சுத் தசைகள் செயலிழந்து போவதை 'இடைநிலைத் தளர்ச்சி' என்று தனியாக அடையாளம் கண்டு 1987இல் உலகுக்கு அறிவித்தவர்கள் நம் நாட்டு மருத்துவர்களான நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் ஆவர். இலங்கையின் வைத்தியசாலைக் கட்டில்களில் கண்ட ஒன்று உலகப் பாடநூல்களுக்குள் போனது என்பதை நான் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லுகிறேன். போரிற் காலையோ கையையோ இழந்தவர்கள் இல்லாத அந்த உறுப்பில் வலிக்கிறது என்று சொல்வதை நம் ஊரில் பலரும் கேட்டிருப்பார்கள். கண்ணாடி ஒன்றை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையாக மூளைக்குக் காட்டி அந்த வலியைத் தணிக்க முடியுமா என்று 1990களில் ஆராய்ந்தவர் தமிழ்நாட்டிற் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய விளையனூர் இராமச்சந்திரன். அந்த வலியின் பொறிமுறை பற்றிய விவாதம் இன்றும் முடியவில்லை; கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

சித்த மருத்துவ மாணவர்களுக்கு ஒரு சொல். நீர்ப்பிரமி நினைவாற்றலைக் கூட்டும் என்று எழுதுவது ஆய்வுக் கேள்வி ஆகாது. அதில் உள்ள எந்தச் சேர்வை, எந்த வாங்கியில், எந்த அளவில் செயற்படுகிறது, அதை எப்படி அளப்பது என்று எழுதினால் அது கேள்வியாகிறது. நம் மருத்துவ மரபின்மேல் உள்ள அக்கறை அப்படிப்பட்ட துல்லியத்தில்தான் வெளிநாட்டுப் பேராசிரியருக்குத் தெரியும்.

கணினி விஞ்ஞான மாணவர்கள் தங்களுக்கு உயிரியல் தெரியாதே என்று தயங்குகிறார்கள். உண்மையில் இன்று எந்த ஆய்வுகூடத்திலும் தரவு குவிந்து கிடக்கிறது, அதைப் பகுப்பாய்வு செய்யும் ஆட்கள்தான் குறைவு. நேர்கோட்டு அட்சரகணிதம், நிகழ்தகவு, வகையீட்டுச் சமன்பாடுகள், பைத்தன் மொழி ஆகியன கைவசம் இருந்தால் கணிப்பு நரம்பியலுக்கு அதுவே நல்ல அடித்தளம். அமெரிக்காவின் அலன் மூளை ஆய்வு நிறுவனம், ஓப்பன்நியூரோ என்ற இணையத்தளம் ஆகியவை திறந்து வைத்திருக்கும் தரவுகளை உப்புவெளியில் உள்ள ஒரு வீட்டு மேசையிலிருந்தே பதிவிறக்கலாம். 2020இல் தொடங்கிய நியூரோமெச் அகடமி இணையவழியில் நடத்தும் கோடைக்கால வகுப்புகளில் சேர்ந்து, ஒரு சிறு செயற்றிட்டத்தை முடித்து வைத்திருந்தால், ஆய்வுகூட அனுபவம் இல்லை என்ற குறை பெருமளவு நீங்கும்.

பேராசிரியர் பட்டியலைச் சலித்தெடுத்தல்

நூறு பெயர்கள் உள்ள பட்டியலில் உண்மையில் உங்களை மாணவராக ஏற்கக்கூடியவர்கள் இருபது பேர் இருந்தாலே அதிகம். ஓய்வுபெற்ற வாழ்நாள் பேராசிரியர்களின் பெயர்கள் மரியாதைக்காகப் பட்டியலில் தொடரும். அவர்கள் பொதுவாகப் புதிய மாணவர்களை எடுப்பதில்லை. வேறு துறையைச் சேர்ந்து இங்கே இணைப் பதவி மட்டும் வகிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களில் சிலர் மாணவர்களை எடுப்பார்கள், சிலர் விரிவுரை மட்டும் செய்வார்கள். பீடாதிபதியாகவோ துணைவேந்தராகவோ போனவர்களின் ஆய்வுகூடம் பெயரளவில் மட்டும் இயங்கக்கூடும். முதலாவது சலிப்பில் இவர்களை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது சலிப்பு கட்டுரைகளால் ஆனது. பேராசிரியரின் பெயரைப் பப்மெட்டிலும் கூகிள் ஸ்கொலரிலும், அச்சுக்கு முந்திய கட்டுரைகள் வெளியாகும் பயோஆர்க்கைவிலும் தேடி, கடந்த மூன்று ஆண்டுகளில் வந்தவற்றை மட்டும் எடுங்கள். கற்கைநெறிப் பக்கத்தில் உள்ள அறிமுகம் பத்தாண்டு பழையதாக இருக்கலாம். கட்டுரைகள் பொய் சொல்லா. உயிரியல் சார்ந்த துறைகளில் ஆசிரியர் பெயர் வரிசைக்கு ஒரு பொருள் உண்டு. வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் முதலில் வருவார், ஆய்வுகூடத்தின் தலைவர் கடைசியில் வருவார். ஆகவே உங்கள் பேராசிரியரின் பெயர் கடைசியில் உள்ள கட்டுரைகளை எடுத்து, அவற்றின் முதற்பெயர்கள் யாருடையவை என்று பாருங்கள். அவர்கள் கலாநிதி மாணவர்களாக இருந்தால், அங்கே மாணவர் தம் பெயரில் கட்டுரை எழுதி வெளியேற முடிகிறது என்று அறிந்துகொள்ளலாம். எல்லா முதற்பெயர்களும் கலாநிதிப் பட்டம் பெற்ற பின் வந்த ஆய்வாளர்களுடையவையாக இருந்தால், மாணவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டறிய வேண்டியிருக்கிறது.

பின்னர் ஆய்வுகூடத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய் முன்னாள் உறுப்பினர்களைப் பாருங்கள். எத்தனை ஆண்டில் முடித்தார்கள், எங்கே போனார்கள், பாதியில் மறைந்த பெயர்கள் எத்தனை என்பன அங்கே கிடைக்கும். நியூரோட்ரீ என்ற தளம் நரம்பியல் விஞ்ஞானிகளின் குரு சீட வழியை மரமாக வரைந்து வைத்திருக்கிறது, அதிலும் தேடலாம். அமெரிக்க ஆய்வுகூடமாயின் என்.ஐ.எச். ரிப்போர்ட்டர் என்ற அரச தளத்தில் பேராசிரியரின் பெயரைத் தட்டினால், அவருக்குக் கிடைத்துள்ள ஆய்வு நிதியும் அது முடியும் திகதியும் தெரியும். அடுத்த ஆண்டோடு எல்லா நிதியும் முடிகிறது என்றால், சேர்வதற்கு முன் அதைப் பற்றிப் பணிவாகக் கேட்க வேண்டும். அந்தத் தளம் எல்லோருக்கும் திறந்தது. பார்த்தேன் என்று சொல்வதில் தவறில்லை.

புதிதாக ஆய்வுகூடம் தொடங்கிய உதவிப் பேராசிரியரா, முப்பது பேர் கொண்ட கூடத்தின் மூத்த பேராசிரியரா என்ற கேள்வி எப்போதும் வரும். மூத்தவரின் பெயர் கதவுகளைத் திறக்கும், ஆனால் அவரை மாதம் ஒரு முறை காண்பதே அரிதாகலாம். புதியவர் உங்களோடு நுண்ணோக்கியின் அருகிலேயே நிற்பார். ஆனால் அவருடைய சொந்தப் பதவியே இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆய்வுகூட அனுபவம் குறைவாக உள்ள நம் மாணவர்களுக்கு, நேரம் ஒதுக்கிக் கற்றுக்கொடுக்கும் புதியவரே பெரும்பாலும் பொருத்தம் என்பது என் கருத்து. இருவரையும் இணை மேற்பார்வையாளர்களாகக் கொள்ள இடமிருந்தால் அதுவே மிகச் சிறந்தது.

நாட்டுக்கு நாடு வழி வேறு

அமெரிக்காவில் இளமாணிப் பட்டத்தோடு நேரடியாகக் கலாநிதிக் கற்கைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வுக்குழுவே ஆட்களை எடுக்கும். முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் சில வாரங்கள் வீதம் சுழற்சியாக வேலை செய்து பார்த்த பின்னரே மாணவர் தம் மேற்பார்வையாளரைத் தெரிவுசெய்வார். முடிக்க ஐந்து, ஆறு ஆண்டுகள் செல்லும். ஜப்பானில் ஒக்கினாவா விஞ்ஞான தொழினுட்பக் கழகமும் முதலாண்டில் மூன்று சுழற்சிகள் என்ற முறையையே பின்பற்றுகிறது. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் முதலில் பேராசிரியரின் சம்மதத்தைப் பெற வேண்டும்; முதுமாணிப் பட்டமோ வலுவான சிறப்புப் பட்டமோ எதிர்பார்க்கப்படும். ஜேர்மனியில் மக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் நடத்தும் பட்டப்பின் பள்ளிகள் உண்டு. கடல் கடந்து வெகு தூரம் போக விரும்பாதவர்கள் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தையும் இந்திய விஞ்ஞானக் கழகத்தையும் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தையும் பார்க்கலாம்.

இதனால் மின்னஞ்சலின் பெறுமதியும் மாறுகிறது. சுழற்சி உள்ள கற்கைநெறியில், பேராசிரியர் ஒருவருக்கு எழுதுவது பயனுள்ளதே, ஆனால் அது அனுமதியைத் தீர்மானிக்காது. நோக்கக் கூற்றில் மூன்று நான்கு பேரின் ஆய்வைக் குறிப்பிட்டு எழுதுவதே முக்கியம். சுழற்சி இல்லாத இடத்தில் அந்த முதல் மின்னஞ்சலே வாசல்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இத்துறையின் நல்ல அமெரிக்கக் கலாநிதிக் கற்கைநெறிகளில் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, வாழ்க்கைச் செலவுக்குக் கொடுப்பனவும் தருகிறது. காணியை விற்றோ நகையை அடகு வைத்தோ கலாநிதிப் படிப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று ஒரு முகவர் சொன்னால், அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எழுதும் கடிதம்

நான் அன்று ஒரே கடிதத்தை முப்பதுக்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்குப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். ஒருவரிடமிருந்து மட்டும் பதில் வந்தது: கடிதத்தின் நடுவில் வேறொருவரின் பெயர் இருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். அதன் பின்னர், ஒரு பேராசிரியருக்கு எழுதும் முன் அவருடைய இரண்டு கட்டுரைகளையாவது முழுமையாக வாசிக்காமல் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த ஆண்டு ஏழு கடிதங்களே எழுதினேன். நான்கு பதில்கள் வந்தன.

கடிதம் ஒரு கைப்பேசித் திரைக்குள் அடங்க வேண்டும். நம் வழக்கப்படி மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் பெண்ணாக இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம். பதவியையும் குடும்பப் பெயரையும் சொல்லி விளிப்பதே சரி. முதல் வாக்கியத்தில் நீங்கள் யார், எங்கே என்ன படித்தவர் என்று சொல்லுங்கள். அடுத்து, 'உங்கள் ஆய்வுகள் என்னைப் பெரிதும் கவர்ந்தன' என்று எழுதாமல், 'தூக்கத்தின்போது நினைவு உறுதிப்படுவது பற்றிய உங்கள் கட்டுரையின் நான்காவது படத்தில், பெண் எலிகளில் மட்டும் விளைவு குறைவாக உள்ளது; அது தூக்கத்தின் அளவாலா, ஆழத்தாலா என்று பிரித்தறிய முடியுமா' என்பது போன்ற ஒரு கேள்வியை எழுதுங்கள். அந்த ஒரு கேள்வி, நீங்கள் வாசித்தீர்கள் என்பதையும் சிந்தித்தீர்கள் என்பதையும் ஒருங்கே காட்டும். பிறகு உங்களிடம் உள்ள திறன் ஒன்றையும், அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கும் எண்ணம் உள்ளதா என்ற கேள்வியையும் வைத்து முடித்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

சிபாரிசுக் கடிதங்கள் பொதுவாக மூன்று வேண்டும். விரிவுரையாளரிடம் கடைசி வாரத்தில் போய் நிற்காமல் இரண்டு மாதம் முன்னரே கேளுங்கள். அவருடைய பாடத்தில் நீங்கள் செய்த செயற்றிட்டம், அதில் எழுந்த சிக்கல், அதை நீங்கள் தீர்த்த விதம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், 'நல்லொழுக்கம் உடைய மாணவர்' என்ற பொதுவான வரிக்குப் பதிலாகப் பயனுள்ள கடிதம் ஒன்றை அவரால் எழுத முடியும்.

பேராசிரியர் பேச இணங்கிய பின்னர், அந்த ஆய்வுகூடத்தின் இப்போதைய மாணவர் ஒருவரோடு தனியாகப் பேச வாய்ப்புக் கேளுங்கள். பரிசோதனை தோற்றால் பேராசிரியர் என்ன சொல்வார், வீட்டில் மரணம் நேர்ந்தால் ஊருக்குப் போக முடியுமா, கடைசியாக வெளியேறிய மாணவர் ஏன் வெளியேறினார் என்று கேளுங்கள். பதிலைவிட, பதிலுக்கு முன் வரும் மௌனத்தைக் கவனியுங்கள். மாணவரோடு பேச விடாத ஆய்வுகூடத்தை நான் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன், அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும்.

அமெரிக்க விண்ணப்பங்களின் முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் இரு வாரங்களில் வரும். அது நமக்கு மாரி காலம். மின்சாரமும் இணையமும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே நவம்பர் கடைசி வாரத்திலேயே அனுப்பி முடித்துவிடுங்கள். நேர்முகத்தேர்வுகள் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் நடக்கும். நியூயோர்க்கில் பகல் ஒரு மணி என்றால் நமக்கு இரவு பதினொன்றரை. வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மடிக்கணினியை முழுதாக மின்னேற்றி, கைப்பேசித் தரவைத் தயாராக வைத்து, நீங்கள் குறிப்பிட்ட பேராசிரியர்கள் ஒவ்வொருவரினதும் ஒரு கட்டுரையை அச்செடுத்து மேசையில் வையுங்கள். உங்களிடம் கேள்வி ஏதும் உண்டா என்று அவர்கள் கடைசியில் கேட்பார்கள். அப்போது அந்தத் தாளில் நீங்கள் பென்சிலால் குறித்து வைத்த இடத்தைப் பார்த்து அதைக் கேளுங்கள்.